உதவி கேட்கும் செய்தியின் முதல் வரியில் நேரம் இருக்கட்டும்

பேரிடரின்போது உதவி கேட்கும் செய்தியை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், முதல் வரியிலேயே தேதியையும் நேரத்தையும் எழுதிவிடுங்கள்: "12ஆம் தேதி, காலை 9.40 நிலவரம்". அடுத்து இடத்தைக் காட்டும் எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகு எத்தனை பேர், என்ன தேவை, நேரில் பார்த்தவர் யார்.

செய்தி கைமாறும்போது அதில் தெரிவது கடைசியாக அனுப்பிய நேரம்தான், முதலில் எழுதிய நேரம் அல்ல. முந்தாநாள் காலியான வீட்டைத் தேடி இன்று படகு போவது இப்படித்தான். அந்தப் படகுக்காக வேறொரு மொட்டைமாடியில் ஆட்கள் காத்திருப்பார்கள். இட எண்களில் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் பிடிபடும். 2 இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளிப்போகலாம். ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாதீர்கள், எண்களை எளிதில் நகலெடுக்க வராது. உதவி சேர்ந்ததும் செய்தியை அழித்தால் மட்டும் போதாது, பிறர் பகிர்ந்த நகல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே முதல் வரியோடு "முடிந்தது" என்று மறுபடி அனுப்புங்கள்.

உயிருக்கே ஆபத்து என்றால் இதெல்லாம் பிறகு, முதலில் அவசர எண்ணை அழையுங்கள். எஸ்எம்எஸ் மட்டுமே போகும் இடத்திலும் இந்த நீளம் சரிப்படாது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிகள்தான். நேரம், இட எண்கள், ஆள் எண்ணிக்கை மட்டும் போதும்.