பலாப்பழமும் இரண்டு தோழிகளும்: 16 பக்கப் படக்கதை செய்வது எப்படி?

பிள்ளைகள் வியாபாரம் செய்யும் கதை என்றாலே ஒரு தாத்தாவைக் கூட்டிவந்து உழைப்பைப் பற்றிப் பேச வைத்துவிடுகிறோம். அந்தத் தாத்தா வேண்டாம். இப்படிப்பட்ட கதையில் சுவையான இடம் கணக்குதான். காசை எண்ணும்போதுதான் நட்பு உரசும். அதை வைத்தே ஒரு சிறுவர் படக்கதையை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, தைத்து முடிக்கலாம். ஓவியம் வராதே என்று தயங்க வேண்டாம், குச்சி மனிதர்களே போதும்.

படி 1: விற்கும் பொருள்

எலுமிச்சைச் சாறு எல்லோருக்கும் தோன்றும். கடலூர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல பொருள் பக்கத்திலேயே இருக்கிறது: பண்ருட்டிப் பலாப்பழம். கோடை விடுமுறையும் பலா விளையும் காலமும் ஒன்றாக வருகின்றன. அறுக்கும்வரை உள்ளே எத்தனை சுளை என்று யாருக்கும் தெரியாது. அறுத்த பழம் அதிக நேரம் தாங்காது, சீக்கிரம் விற்றாக வேண்டும். கையெல்லாம் பிசின் ஒட்டும், எண்ணெய் தடவாமல் வேலை நடக்காது. வரைவதற்கு இவ்வளவு தரும் பொருள் வேறு எது?

படி 2: கணக்கை முதலில் எழுதுங்கள்

கதை எழுதும் முன்பே ஒரு தாளில் வரவு செலவு போடுங்கள். நம் உதாரணத்தில் கயல், நஸீமா என்று இரண்டு தோழிகள். பழம் 240 ரூபாய். பஸ் கட்டணமும் பழத்துக்கு நடத்துநர் கேட்கும் லக்கேஜ் டிக்கெட்டும் சேர்த்து 60. தொன்னை வாங்க 30. ஆக 330 ரூபாய், முழுவதும் கயலின் உண்டியல் பணம். பழத்தில் 96 சுளை. ஒரு தொன்னைக்கு 6 சுளை, விலை 30 ரூபாய். 15 தொன்னை விற்று 450 வருகிறது. லாபம் 120.

96 சுளைக்கு 16 தொன்னை வர வேண்டுமே என்று கவனித்தீர்களா? 6 சுளையைத் தோழிகளே தின்றுவிட்டார்கள். யார் அதிகம் தின்றது என்பதில் சண்டை ஆரம்பிக்கட்டும். பிறகு பெரிய கேள்வி வரும். பணம் போட்டவள் கயல். பழத்தைச் சுமந்ததும், கூவி விற்றதும் நஸீமா. லாபம் யாருக்கு எவ்வளவு? சண்டைக்கென்று ஒரு வில்லனைத் தேட வேண்டியதே இல்லை.

தீர்வையும் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். 330 ரூபாயைக் கயல் முதலில் எடுத்துக்கொள்கிறாள். மீதி 120 ஆளுக்குப் பாதி. அந்த 60 ரூபாயை இருவருமே அடுத்த பழத்துக்கு முதலாகப் போடுகிறார்கள் என்று முடிக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளை வேறு வழி சொன்னால் அதையே வரையுங்கள், பெரும்பாலும் அதுதான் நன்றாக இருக்கும். பெரியவர்களுக்குக் கதையில் ஒரே ஒரு வேலை உண்டு: பழத்தை அறுப்பது. கத்தி பிடிக்க ஆயா வந்துபோகட்டும்.

படி 3: டம்மி (மாதிரிப் புத்தகம்)

நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம் கிடைக்கும். இப்படி மடித்துச் செய்யும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டுவிட்டுப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறம் 16, 1. மறுபுறம் 2, 15. எந்தப் புறத்தை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17. ஜெராக்ஸுக்குப் பக்கங்களை ஜோடி சேர்க்கும்போது இது கைகொடுக்கும்.

1 முகப்பு, 16 பின்னட்டை. திறந்த புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடதுபுறம் இருக்கும். தாளைப் புரட்டியதும் கண்ணில் படுவது அதுதான். ஆகவே வியப்பு எதுவாக இருந்தாலும் இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். 5ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கத்தி பழத்தின்மேல் படுகிறது. 6ஆம் பக்கம் முழுவதும் பிளந்த பழம், மஞ்சள் சுளைகள், வாய் பிளந்த இரண்டு முகங்கள். அதே படம் 7ஆம் பக்கத்தில் இருந்தால், 6ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்து வியப்பு வீணாகிவிடும்.

படி 4: கட்டமும் குமிழியும்

பாதி ஏ4 அளவுப் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் போதும். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால் முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பேச்சுக் குமிழிகளின் வால்கள் ஒன்றையொன்று வெட்டும். வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழி வரையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, முதலிலேயே வரைந்த குமிழிக்குள் அடங்க மறுக்கும். ஒரு குமிழிக்கு ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

படத்தில் தெரிவதைக் குமிழியில் சொல்லாதீர்கள். நஸீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், “எனக்குக் கோபம்” என்று அவள் பேச வேண்டாம். சண்டை வரும் பக்கங்களில் ஒரு கட்டத்தையாவது பேச்சே இல்லாமல் விடுங்கள்.

படி 5: இடத்தைச் சரியாக வரையுங்கள்

பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ், பிறகு தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச். மாலைக் கூட்டத்தில்தான் விற்பனை. இங்கே ஒரு சங்கதி: நம் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை, ஊர்ப்பக்கம்தான் இறங்கும். சாயங்கால நிழல்கள் கடலை நோக்கி நீளும். கடலுக்குள் ஆரஞ்சுப் பந்து இறங்குவதுபோல் வரைந்தால் கடலூர்ப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

படி 6: படிக்கக் கொடுங்கள்

மை போடும் முன் பென்சில் டம்மியை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறாள் என்று மட்டும் பாருங்கள். அங்கே கட்டங்களின் வரிசை குழப்புகிறது என்று பொருள்.

படி 7: மை, ஜெராக்ஸ், தையல்

கறுப்பு ஜெல் பேனாவால் மை போட்டு, காய்ந்தபின் பென்சில் கோடுகளை அழியுங்கள். நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு விடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் ஓரம்வரை அச்சிடாது. இருபுறமும் எடுக்கச் சொல்லும்போது டம்மியையும் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள், எந்தப் புறம் தலைகீழாக வருமோ என்ற கவலை இருக்காது. சுளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு பிரதியிலும் மஞ்சள் கலர் பென்சிலால் வண்ணம் கொடுக்கலாம்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. மடிப்பில் மூன்று துளை போடுங்கள். ஊசியை உட்புறமிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, கீழ்த் துளையில் வெளியே இழுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலின்மேல் முடிச்சுப் போட்டுவிடுங்கள்.