‘அது செல்லுமா?’: தனித்த கத்தோலிக்கச் சபைகள் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உரோமையோடு உறவில் இல்லை. ஆனால் ஆயர் உண்டு, குரு உண்டு, திருப்பலி உண்டு, பெயரில் ‘கத்தோலிக்க’ என்றும் உண்டு. இப்படிப்பட்ட சபைக்குப் போய் வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, “அங்கே வாங்கிய நற்கருணை செல்லுமா?” என்பதுதான். “உரோமை ஏற்கவில்லை, எல்லாம் வெறும் சடங்கு” என்று சிலர் சொல்வார்கள். “அப்போஸ்தலர் வழிமரபு (அப்போஸ்தலரிடமிருந்து ஆயருக்கு ஆயர் கைமாறி வரும் தொடர்) இருக்கிறது, எல்லாம் சரிதான்” என்று வேறு சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. இங்கே உரோமைக் கத்தோலிக்க அளவுகோலை வைத்தே பேசுகிறேன். ஆர்த்தடாக்ஸ் சபைகளின் கணக்கு வேறு.

பெரிய தவறு, செல்லுபடியாவதையும் சட்டப்படி நடப்பதையும் ஒன்றாக்குவது. பிரிந்துபோனவர் கொடுத்த திருமுழுக்கும் திருமுழுக்குத்தான் என்று தொனாத்திஸ்துகள் என்ற பிரிவினைக் குழுவுக்கு எதிராகப் புனித அகுஸ்தீன் வாதாடிய காலத்திலிருந்தே இந்த வேறுபாடு இருக்கிறது. 1724இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பேராயராக ஸ்டீனோவனை, வார்லே என்ற ஒரே ஆயர், திருத்தந்தையின் அனுமதியில்லாமல் திருநிலைப்படுத்தினார். உரோமை கண்டித்தது, சபைவிலக்கு விதித்தது. ஆனாலும் அந்த ஆயர்நிலை செல்லாது என்று சொல்லவில்லை. 1988இல் பழைய வழிபாட்டை விடாத பேராயர் லெஃபெவ்ர் சுவிட்சர்லாந்தின் எகோனில் நால்வரை ஆயராக்கியபோதும் இதே கதை: தண்டனை விழுந்தது, 2009இல் அந்த நால்வருக்கும் அது நீக்கப்பட்டது, யாரையும் மறுபடி திருநிலைப்படுத்தவில்லை. தண்டனை இருக்கிறது என்பதால் அருட்சாதனம் பொய்யாகிவிடாது.

சரி, அப்படியானால் அந்தக் குரு செய்கிற எல்லாமே செல்லுமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏழு அருட்சாதனங்களுக்கும் ஒரே விதி கிடையாது. திருமுழுக்கைத் தேவை வந்தால் யாரும் கொடுக்கலாம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நற்கருணைக்கு உண்மையான குருத்துவம் போதும். பாவசங்கீர்த்தனத்துக்கோ குருத்துவத்தோடு, பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரமும் வேண்டும். கத்தோலிக்கர் ஒருவரின் திருமணத்துக்கும் அதிகாரம் பெற்ற குருவோ திருத்தொண்டரோ முன்நிற்க வேண்டும். இதனால்தான் லெஃபெவ்ர் தொடங்கிய சபையின் குருக்களுக்கே திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் பாவமன்னிப்பு அதிகாரத்தைத் தனியாகக் கொடுத்தார். 2017இல் திருமணத்துக்கும் வழி செய்தார். அவர்கள் குருக்கள் என்பதில் அதற்கு முன்பும் உரோமைக்குச் சந்தேகமில்லை. பாவமன்னிப்புக்கு முக்கியமான விலக்கு, சாவு நெருங்கிய வேளை: அப்போது எந்தக் குருவும், குருப்பணியிலிருந்து நீக்கப்பட்டவர்கூட, பாவமன்னிப்பு தரலாம். ஆகவே தனித்த சபையில் திருமணம் முடித்த கத்தோலிக்கர், குரு உண்மையான குருதான் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அடுத்தது வழிமரபுப் பட்டியல். பல சபைகள் ஆயர்களின் பெயர்களைச் சங்கிலிபோல வரிசையாகப் போட்டு வைத்திருக்கும். அதில் விலாத் என்ற பெயர் அடிக்கடி வரும்; 1892இல் கொழும்பில் அல்வாரஸ் என்ற ஆயரிடம் ஆயர்நிலை பெற்றவர். பட்டியல் நீளமாக இருப்பது நல்லதுதான், ஆனால் அது சான்று ஆகாது. ஒவ்வொரு கண்ணியிலும் கைகளை வைத்தல், சரியான மன்றாட்டு, சபை செய்வதைச் செய்யும் எண்ணம், பெறுபவர் திருமுழுக்குப் பெற்ற ஆண் என்பது எல்லாம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலிக்கத் திருநிலைப்பாடுகள் செல்லாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் (லியோ) 1896இல் அறிவித்தபோது அவர் காட்டிய காரணங்கள் மன்றாட்டு வாசகத்தின் குறையும் எண்ணத்தின் குறையும்தான். பெண்களைத் திருநிலைப்படுத்தும் சபைகளில், சங்கிலியில் ஒரு பெண் ஆயர் வந்தால் அதற்குப் பிறகு வருவதை உரோமை ஏற்காது.

திருமுழுக்கிலேயே கண்ணி அறுந்துபோவதும் உண்டு. ‘நான்’ என்பதற்குப் பதிலாக “நாங்கள் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோம்” என்று சொல்லிக் கொடுத்தது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் உரோமை அறிவித்தது. டெட்ராய்ட் உயர்மறைமாவட்டக் குரு ஒருவருக்குத் தன் குழந்தைப் பருவத் திருமுழுக்கு வீடியோவில் அதே வார்த்தைகளைக் கேட்டது நினைவிருந்தது. திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் எல்லாம் அவருக்கு முதலிலிருந்து கொடுக்கப்பட்டன. அவர் தனித்த சபைக்காரர் அல்ல, உரோமைக் குருவேதான்!

எல்லாத் தனித்த சபைகளையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. அமெரிக்காவின் போலந்து தேசியக் கத்தோலிக்கச் சபையின் சாதனங்களை 1993 முதல் உரோமை மதித்து நடத்துகிறது. ஜாம்பியாவின் பேராயர் மிலிங்கோ 2006இல் செய்த ஆயர் திருநிலைப்பாடுகளைப் பற்றியோ, இப்போதும் ஏற்கவில்லை, இனியும் ஏற்கும் எண்ணமில்லை என்றது. ‘ஏற்கவில்லை’ என்பதும் ‘செல்லாது’ என்பதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்ட ஆயர் திரும்பி வந்தாலும் ஆயராக நடத்தப்பட மாட்டார், அவ்வளவுதான்.

தனித்த சபையிலிருந்து வருபவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மறுதிருமுழுக்குக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றினார்களா, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும். விசாரித்தும் சந்தேகம் தீராவிட்டால் மட்டுமே, “நீ இதுவரை திருமுழுக்குப் பெறவில்லை என்றால்” என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.