சுஷி உணவகத்தின் உள்ளமைப்பு: தரையிலிருந்து தொடங்குங்கள்

டோக்கியோவில் ஒரு கட்டடத்தின் மாடியில், எட்டே இருக்கைகள் கொண்ட சுஷி கடை ஒன்றின் உள்ளமைப்பு வேலையை முடித்து ஆறு மாதங்கள் ஆகின்றன. முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியம், விளக்குக் கூடு, சுவர் நிறம் ஆகியவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் துண்டு வைக்கும் சுஷிக்கு நிகிரி என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பிடிப்பது என்று பொருள். நம் பிடிகொழுக்கட்டை போலத்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத் (இன்றைய டோக்கியோ) தெருவோரக் கடைகளில் பிடித்த கையோடு எடுத்து நீட்டிய உணவு அது. இன்று விருந்தினர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் நீண்ட பலகையான கவுண்டரும் அந்தத் தெருக்கடையின் வழிவந்ததே. சாப்பிட வருபவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது எதிரே நிற்கும் இதாமாஏயின், அதாவது சமையல் கலைஞரின் கைகளைத்தான். அந்தக் கைகள் சரியாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: கவுண்டரின் நீளம். ஓர் ஆளுக்கு 650 மி.மீ. வையுங்கள். எட்டுப் பேருக்கு 5.2 மீட்டர். 600க்குக் கீழே போனால் முழங்கைகள் இடிக்கும்.

இரண்டாம் படி: தரை மட்டம். இங்கேதான் நான் சறுக்கினேன். ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன்.

இதாமாஏ நின்று வேலை செய்கிறார். அவருடைய வேலை மேடை அவர் நிற்கும் தரையிலிருந்து ஏறத்தாழ 850 மி.மீ. உயரம். விருந்தினர் உட்கார்ந்திருக்கிறார்; அவருடைய கவுண்டர் 720 மி.மீ. இரு தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் மேடை கவுண்டருக்கு மேலே 130 மி.மீ. துருத்தி நிற்கும், விருந்தினர் அண்ணாந்து பார்க்க நேரும். அதனால்தான் நல்ல கடைகளில் சமையல் பக்கத்துத் தரையைத் தாழ்த்துகிறார்கள்.

வரைபடத்தில் நானும் தாழ்த்தித்தான் வரைந்தேன். கழிவுநீர்க் குழாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து கட்டடத்தின் செங்குத்துக் குழாய்வரை 3 மீட்டர். 50 மி.மீ. குழாய்க்கு ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும். அதற்கு 60 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 60. மேலே தரைப்பூச்சு 30. ஆக, மாடியின் கான்கிரீட்டைத் தோண்ட முடியாத நிலையில், தாழ வேண்டிய தரை 150 மி.மீ. உயர்ந்துவிட்டது. அன்று மாலை ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வேலை மேடையின் விளிம்பு என் கழுத்துக்கு நேராக நின்றது. எதிரே நின்ற கடைக்காரரின் கைகள் தெரியவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வை இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

பிறகு விருந்தினர் பக்கத்துத் தரையை 300 மி.மீ. உயர்த்தினோம். சமையல் பக்கம் 150 மி.மீ. தாழ்ந்தது, மேடை 700, கவுண்டர் 720. கணக்கு நேரானது. கூரை உயரம் 2,600இலிருந்து 2,300 ஆகக் குறைந்தது. உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை. அடக்கமான ஓர் அமைதி வந்ததாகவே எனக்குப் படுகிறது.

கணினி முப்பரிமாணப் படங்களை நம்ப வேண்டாம் என்பேன். அட்டைப்பெட்டிகளை வெட்டி, கவுண்டரையும் மேடையையும் உண்மை அளவில் நிறுத்துங்கள். ஒரு ரசமட்டமும் மூலைமட்டமும் போதும். ஒருவர் உட்காரட்டும், ஒருவர் நிற்கட்டும்.

மூன்றாம் படி: பலகை. கவுண்டருக்குக் கணுவில்லாத ஒற்றை ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ் மரம்) பலகைக்கு ஈடில்லை. ஜப்பானின் கீசோ, யோஷினோ காடுகளின் மரத்துக்கு மதிப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் உலர்ந்ததைத்தான் வாங்க வேண்டும். அடிப்பக்கத்தில் குறுக்கே காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுகிறார்கள். வாய் குறுகி உள்ளே அகன்ற காடி. அதில் ஒரு சட்டத்தைப் பக்கவாட்டில் செருகுகிறார்கள். பசை இல்லை, ஆணி இல்லை. மழைக்காலத்தில் மரம் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் சட்டத்தின் மேல் நழுவிக்கொள்ளும், கோணாது. தச்சர் அதை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே அனுப்பியபோது எழுந்த வாசனை மறுநாள்வரை கடையில் இருந்தது. அந்த வாசனையை வார்னிஷ் பூசி மூடாதீர்கள். 5.2 மீட்டர் பலகை படிக்கட்டில் திரும்பாது. சன்னல் கண்ணாடி பொருத்துவதற்கு முன்பே உள்ளே ஏற்றிவிடுங்கள்.

நான்காம் படி: விளக்கு. சற்றே மஞ்சள் தோய்ந்த ஒளி தரும் 3,000 கெல்வின் எல்.இ.டி. எனக்குப் பிடிக்கும். நிறங்காட்டும் எண் (பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அந்த எண் எட்டு மென்மையான நிறங்களின் சராசரி. அடர்சிவப்பு அதில் சேராது. அதற்கு ஆர்9 என்ற தனி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஒரு துண்டு சூரை மீனை வெள்ளைத் தட்டில் வைத்து நான்கு விளக்குகளை மாற்றிப் பார்த்தோம். ஒன்றின் கீழ் அது பழைய செங்கல் போல மங்கியது. இன்னொன்றின் கீழ் மாதுளை முத்துப் போல ஒளிர்ந்தது. ஒளி சுஷியை வைக்கும் இடத்துக்கு நேர் மேலிருந்து, குறுகிய கற்றையாக விழ வேண்டும். பின்னாலிருந்து விழுந்தால் கையின் நிழல் மீனின் மேல் படியும்.

சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, வாசலுக்கு ஒரு நோரென், அதாவது தொங்கும் துணித் திரை. கைகழுவும் குழாய், கழுவிய கையால் மீண்டும் பிடித்துத் திருகாத வகையில், நெம்புகோல் அல்லது உணரி வைத்ததாக இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் ஜப்பானில் இது உரிமத்துக்கான நிபந்தனை.

பின்சேர்க்கை 1: சக்கர நாற்காலியில் வருபவர் 300 மி.மீ. எப்படி ஏறுவார் என்று ஒரு வாசகி கேட்டார். சரியான கேள்வி; நான் எழுதாமல் விட்டது தவறு. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 3.6 மீட்டர் சாய்தளம் வேண்டும். இடம் பார்க்கும்போதே நீண்ட நுழைவு நடை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தோண்டக்கூடிய தரைத்தளத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: சோயா கறை பற்றிப் பலர் கேட்கிறீர்கள். கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்தால் வட்டமாகத் தடம் விழும். ஈரத்துணியால் பலகை முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இழையோட்டத்தின் திசையிலேயே துடையுங்கள். ஆழமாக இறங்கியிருந்தால் தச்சரை அழையுங்கள். இழைப்புளியால் மெல்லியதாக ஒரு சுற்றுச் சீவிக் கொடுப்பார்.