கார்டை ஃபார்மேட் செய்யும் முன்: கல்யாணப் படங்கள் முழுசாக வந்தனவா என்று செக்சம் வைத்துப் பார்ப்பது எப்படி

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்தில் காலையில் ஒரு கல்யாணம், மதியத்துக்குள் மதுரை டவுனில் இன்னொரு மண்டபம் என்று ஓடும் ஸ்டூடியோக்களில் மெமரி கார்டு சும்மா இருக்காது. காப்பி முடிந்ததும் ஃபார்மேட், அடுத்த நிகழ்ச்சி. ஆல்பம் டிசைனுக்கு உட்காரும்போதுதான் தாலி கட்டும் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருப்பது தெரியும். அதற்குள் கார்டில் வேறு கல்யாணம் ஏறியிருக்கும்.

விண்டோஸ் காப்பி செய்து முடித்தபின், எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. பச்சைக் கோடு முழுசாக ஓடினால் எழுதச் சொல்லியாயிற்று என்று மட்டுமே அர்த்தம். ஃபைல் சைஸ் ஒன்றாக இருப்பதும் போதாது. சைஸ் என்பது டிஸ்க்கின் பட்டியலில் எழுதியிருக்கும் எண். அது சரியாக இருந்து, உள்ளே படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள் இருக்கலாம்.

உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதி முடித்ததும் நோட்டின் கூட்டுத்தொகையையும் பெட்டியில் உள்ள பணத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். செக்சமும் ஃபைலுக்குப் போடும் கூட்டுத்தொகைதான். ஆனால் மொய்க் கணக்கில் ஒரு இடத்தில் 500 கூடி, இன்னொரு இடத்தில் 500 குறைந்தால் மொத்தம் மாறாது. எஸ்எச்ஏ-256 என்ற செக்சம் முறையில் அந்த ஓட்டை கிடையாது. 25 எம்பி படத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரும் 64 எழுத்துகளில் பெரும்பாலானவை மாறிவிடும். படத்தை அந்த 64 எழுத்திலிருந்து மீட்க முடியாது. மாறியதா இல்லையா என்று மட்டும் சொல்லும்.

சிஆர்சி-32, எம்டி5, எஸ்எச்ஏ-1 என்றும் முறைகள் உண்டு. கேபிள் கோளாறு மாதிரி தற்செயலாக வரும் கெடுதலைக் கண்டுபிடிக்க எம்டி5 கூடப் போதும். வேண்டுமென்றே ஒரே மதிப்பு வருமாறு இரண்டு ஃபைல்களை உருவாக்க முடியும் என்பது எம்டி5-க்கு 2004-லும், எஸ்எச்ஏ-1-க்கு 2017-லும் நிரூபணமாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எஸ்எச்ஏ-256 மட்டும் பழகினால் போதும்.

தேவையானவை

விண்டோஸ் கம்ப்யூட்டர், 7-ஜிப் மென்பொருள் (இலவசம், புதிய பதிப்பாக இருக்கட்டும்), கார்டு ரீடர், தனித்தனியாக இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒரே டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன் போட்டால் அது இரண்டு ஆகாது.

முதலில் கார்டில், பிறகுதான் காப்பி

இந்த வரிசை மாறக்கூடாது. காப்பி செய்தபின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் செக்சம் எடுத்தால், காப்பியின்போதே கெட்டுப்போன படத்துக்கும் அழகாக ஒரு மதிப்பு கிடைக்கும். அதை எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் "சரி" என்றே வரும். கெட்டதைக் கெட்டபடியே பத்திரப்படுத்தியதாக ஆகிவிடும். மூலத்தில் எடுத்த மதிப்புக்குத்தான் பெறுமானம்.

கார்டைக் கேமராவிலிருந்து எடுத்ததும் அதன் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கைக் கீழே தள்ளுங்கள். பெரும்பாலான ரீடர்களில் இனி கம்ப்யூட்டர் அதில் எதையும் எழுதாது. ரீடரில் போட்டு, கேமரா படங்களைச் சேமிக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் தேவைப்பட்டால் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" போங்கள். 7-ஜிப், அல்லது அதன் அருகே தனியாக உள்ள சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவைத் திறந்து எஸ்எச்ஏ-256 கொடுங்கள்.

யூஎஸ்பி 3 ரீடரில் நொடிக்கு 90 எம்பி வேகம் வந்தால் நிறைந்த 64 ஜிபி கார்டுக்கு 12 நிமிஷம். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் அரை மணிக்கு மேல். நேரம் இல்லையென்று இந்தப் படியைத் தாண்டாதீர்கள். மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

முடிவில் ஃபைல்களின் எண்ணிக்கை, மொத்த சைஸ், அதன் கீழே இரண்டு மதிப்புகள் வரும். ஒன்று "ஃபார் டேட்டா", இன்னொன்று "ஃபார் டேட்டா அண்ட் நேம்ஸ்". முதலாவது படங்களின் உள்ளடக்கத்துக்கு மட்டும். இரண்டாவதில் பெயர்களும் சேரும், ஃபோல்டர் பெயரை மாற்றினால் அதுவும் மாறிவிடும். நமக்கு வேண்டியது முதலாவது. அதையும் எண்ணிக்கையையும் நோட்பேடில் போட்டு, தேதி, மணமக்கள் பெயர், கார்டு எண் சேர்த்துச் சேமியுங்கள்.

இப்போது இரண்டு டிஸ்க்குகளுக்கும் காப்பி செய்யுங்கள். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதுக்கு அல்ல, இரண்டுக்கும் கார்டிலிருந்தே.

காப்பி முடிந்ததும் ஒரு காரியம் பலர் செய்யாமல் விடுவது: டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி சொருகுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே படித்துக்காட்டும். டிஸ்க்கில் உண்மையில் என்ன எழுதப்பட்டது என்பது பரிசோதனைக்கே வராது. மறுபடி சொருகியபின் அந்த டிஸ்க்கில் உள்ள டிசிஐஎம் மேல் அதே எஸ்எச்ஏ-256 ஓட்டி, "ஃபார் டேட்டா" மதிப்பை ஒத்துப் பாருங்கள். முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் தற்செயல் கெடுதல் இல்லை என்று நம்பலாம். இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருளென்றால் 64 எழுத்தையும் பார்க்க வேண்டும், அங்கே வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போன பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள், அதையும் கேமராவிலேயே.

ஒத்துப்போகவில்லை என்றால்

பதற வேண்டாம். முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றிரண்டு ஃபைல் கூடுதலாக இருந்தால், விண்டோஸோ மேக்கோ தானாக உருவாக்கிய மறைந்த ஃபைல்களாக இருக்கும். மேக்கில் ஒருமுறை திறந்த டிஸ்க்கில் இது சகஜம். அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எண்ணிக்கை குறைந்தால் காப்பியில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

எண்ணிக்கை சரி, மதிப்பு மட்டும் வேறு என்றால், அதே டிஸ்க்கில் அதே ஃபோல்டருக்கு இன்னொருமுறை ஓட்டுங்கள். இங்கேதான் கோளாறு எங்கே என்று தெரியவரும்.

இரண்டு முறையும் ஒரே தவறான மதிப்பு வந்தால், படிப்பது சரியாக நடக்கிறது, எழுதியதுதான் தப்பு. அந்த டிஸ்க்கில் மறுபடி காப்பி செய்தால் தீரும்.

ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு மதிப்பு வந்தால் அது பெரிய விஷயம். மாறாத ஃபைலுக்கு மாறும் மதிப்பு வரவே கூடாது. யூஎஸ்பி கேபிள், ஹப், கேபினட்டின் முன்பக்க போர்ட், ரேம் ஆகியவற்றில் ஒன்று குற்றவாளி. ஹப்பை எடுத்துவிட்டு, வேறு கேபிளில், பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். அப்படியும் மாறினால் மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ரேமைச் சோதியுங்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் எடுத்த எந்தக் காப்பியையும் நம்ப வேண்டாம்.

கார்டிலேயே மதிப்பு மாறி மாறி வந்தால் ரீடரை மாற்றிப் பாருங்கள். கார்டுதான் என்று உறுதியானால் அதில் இனி ஒரு படமும் எடுக்காமல் தனியாக வையுங்கள்.

போலி கார்டுகளின் கதை வேறு. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 16 ஜிபி மட்டும் இருக்கும். அதற்கு மேல் எழுதுவது மாயமாகும், அல்லது பழையதன்மேல் ஏறும். இதைச் செக்சம் காப்பாற்றாது, கார்டிலேயே படம் இல்லையே. புதுக் கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பார்த்தபின் நிகழ்ச்சிக்குக் கொண்டு போங்கள்.

பல வருஷத்துக்கு: பட்டியல் ஃபைல்

ஒத்துப்போன ஃபோல்டருக்கு இப்போது நிரந்தரப் பெயர் வையுங்கள். பிறகு அதே சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவின் அடிப்பக்கத்தில், எஸ்எச்ஏ-256 என்று தொடங்கி, ஃபோல்டர் பெயரும் .sha256 என்பதுமாக முடியும் வரியைச் சொடுக்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தனி மதிப்பு எழுதிய பட்டியல் ஃபைல் பக்கத்திலேயே உருவாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியல்மேல் ரைட் கிளிக் செய்து, அதே மெனுவில் "டெஸ்ட் ஆர்கைவ்: செக்சம்" கொடுத்தால் எந்தப் படம் கெட்டது என்று பெயரோடு சொல்லும். பட்டியலை எடுத்தபின் ஃபோல்டர் பெயரை மாற்றினால் படங்களையே காணோம் என்று சொல்லிவிடும். பட்டியலின் பிரதி ஒன்றை உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள், சில நூறு கேபி தான்.

பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது நல்லது. தமிழில் "கோ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பழைய மேக் டிஸ்க்குகள் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த "கோவில்" ஃபோல்டரை, விண்டோஸில் எடுத்த பட்டியல் அடையாளம் காணாது.

படம் கெடாமலே மதிப்பு மாறும் இடங்களும் உண்டு. விண்டோஸில் படத்தைத் திருப்பிச் சேமித்தால் மாறும். எடிட்டிங் மென்பொருள் ஜேபெக்கின் உள்ளேயே ரேட்டிங், கீவேர்டு எழுதினால் மாறும். அதனால் மூலப் படங்களைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வைத்து, வேலைக்கு இன்னொரு பிரதி எடுங்கள். ஃபைல் பெயரையோ தேதியையோ மாற்றினால் மட்டும் உள்ளடக்க மதிப்பு மாறாது.

ஆல்பம் டிசைனருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே போகும், மதிப்பு ஒருநாளும் ஒத்துவராது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அவரிடம் 7-ஜிப் இல்லையென்றால், விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையைக் கொடுத்து ஃபைல் பெயரைச் சேர்த்தால் போதும், அது இயல்பாகவே எஸ்எச்ஏ-256 தான் தரும். அங்கே எழுத்துகள் பெரிய எழுத்தாக வரும், 7-ஜிப்பில் சிறிய எழுத்து. இதில் வேறுபாடு இல்லை.

பட்டியலில் பல படங்களுக்கு ஒரே மதிப்பு வந்து, அது ஈ3பி0சி442 என்று தொடங்கினால், அவை பூஜ்யம் பைட் உள்ள காலி ஃபைல்கள். காப்பி நடக்கும்போது கரண்ட் போனாலோ, எஜெக்ட் செய்யாமல் டிஸ்க்கைப் பிடுங்கினாலோ இப்படி ஆகும். கார்டு இன்னும் லாக்கில் இருந்தால் அந்தப் படங்களை மட்டும் மறுபடி காப்பி செய்துகொள்ளலாம்.