ஷராவதியில் தனியாகக் கயாக்: பெங்களூரிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு

பெங்களூரில் இருப்பவருக்குக் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) என்றதும் காவிரிதான் ஞாபகம் வரும். நானும் முதலில் பீமேஸ்வரிப் பக்கம்தான் வரைபடத்தைத் துழாவினேன். ஆனால் அந்தப் பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி வேண்டும், ஆற்றில் முதலை உண்டு. போதாததற்கு மாசி, பங்குனியில் தண்ணீர் குறைந்து பாறைகள் தலை நீட்டும். காற்றடைத்த படகோடு தனியாகப் போகிற இடம் அது இல்லை.

அதனால் ஹொன்னாவர். ஜோக் அருவியில் விழும் அதே ஷராவதி, கெருசொப்பா அணை தாண்டியதும் அடங்கி, மேற்கே ஹொன்னாவரில் கடலில் சேர்கிறது. கடைசிப் பகுதி அகலமானது. இரு கரையிலும் தென்னந்தோப்பு, ஓரங்களில் அலையாத்திக் காடு, நடுவில் மாவினகுர்வே போன்ற தீவுகள். பெங்களூரிலிருந்து பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். பிப்ரவரி, மார்ச் சரியான காலம். அதற்கப்புறம் வெயிலும் புழுக்கமும் ஆளைக் கொன்றுவிடும்.

நீச்சல் தெரியும், துடுப்பை எப்படிப் பிடிப்பது என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. நாள் குறிப்பது

இங்கே ஆறு ஒரே திசையில் ஓடாது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே இழுக்கும். ஒரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். ஆகவே நண்பர் போன வாரம் போன நேரத்துக்கே நீங்களும் போனால் வேலைக்கு ஆகாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை அதிகம். அஷ்டமியிலும் அடுத்த ஓரிரு நாளிலும் குறைவு. அஷ்டமி, நவமியில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்பார் அம்மா. கயாக் விஷயத்தில் தினசரி காலண்டரை நேர்மாறாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் நேரம். ஏற்றம் உச்சத்துக்கு வரும் வேளையை ஏதாவது ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணைச் செயலியில் பாருங்கள். அந்த உச்சம் காலையில் விழும் நாள்தான் வேண்டும். 6 மணி நேரத்தில் தண்ணீர் சீராக ஏறி இறங்குவதில்லை. முதல் மணியில் மொத்த உயர மாற்றத்தில் 12-இல் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது படகோட்டிகளின் பழைய கணக்கு. உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் இழுவை மெதுவாக இருக்கும். ஏற்றத்தோடு கிழக்கே போய், உச்சத்தில் திரும்பி, இறக்கத்தோடு வருவதுதான் திட்டம். செயலி காட்டுவது கடலோர நேரம். உள்ளே போகப்போகத் தாமதமாகும். கரையில் படகுக்காரர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கன்னடத்தில் ஏற்றம் ‘உப்பர’, இறக்கம் ‘இளித’.

முற்பகல் தாண்டியதும் கடல்காற்று எழும்பும். அது மேற்கிலிருந்து, அதாவது நீங்கள் திரும்பி வரும்போது முகத்துக்கு நேரே அடிக்கும். அதற்குள் கரையேறிவிட வேண்டும்.

2. சாமான்

அபார்ட்மெண்டில் இருக்கிறவர் பிளாஸ்டிக் கயாக்கை எங்கே வைப்பது? காற்றடைத்ததே போதும். டெகத்லான் வகையறா ஆரம்பத்துக்கு நன்றாகவே இருக்கிறது. படகு அகலமாக இருப்பதால் துடுப்பு 220 முதல் 230 சென்டிமீட்டர் வரை நீளம் வேண்டும். படகின் அடியில் மாட்டும் வாலை (ஃபின்) கழற்றிவிட்டால் ஆழமில்லாத இடத்தில் தட்டாது என்பார்கள். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் படகு வலதும் இடதுமாகத் தலையை ஆட்டிக்கொண்டே போகும்.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஃபோம் வைத்தது, உடம்பைக் கவ்விப் பிடிப்பது வாங்குங்கள். போட்டுக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடைக்கு ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. விசிலும் போனும் படகில் வேண்டாம், உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

கரையில் காற்றடித்த படகு தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து கொஞ்சம் தொளதொளக்கும். பம்பைக் கையில் வைத்திருந்து மறுபடி நிரப்புங்கள். இடையில் எங்காவது வெயிலில் இழுத்துப் போட்டால் காற்றை லேசாகத் திறந்துவிடுங்கள். சூட்டில் காற்று விரிந்து தையல் பிரிந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

3. விழுந்தால் ஏறுவது

தனியாகப் போகிறவருக்கு இது ஒன்று வந்தால் மற்றது எல்லாம் வந்த மாதிரி. இது வராமல் போகவே கூடாது. ஒரு படகுக்காரருக்குக் காசு கொடுத்து அருகில் நிற்கச் சொல்லி, கால் எட்டாத ஆழத்தில் பழகுங்கள்.

விழுந்ததும் முதலில் படகைப் பிடியுங்கள், துடுப்பை அல்ல. காலிப் படகைக் காற்று தள்ளிக்கொண்டு போனால் நீந்திப் பிடிக்க முடியாது. துடுப்பை ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருந்தால் அந்தக் கவலையே இல்லை.

கவிழ்ந்திருந்தால் நடுப்பக்கம் வந்து, அடிப்பாகத்துக்கு மேலாகக் கை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பில் இருக்கும் பிடி வாரைப் பிடியுங்கள். முட்டியை இந்தப் பக்கம் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும்.

இனிதான் சிக்கல். நீச்சல் குளச் சுவரில் ஏறுவதுபோலக் கையை ஊன்றி எக்குவோம். கால்கள் படகுக்கு அடியில் போய்விடும், உடம்பு தொங்கும், படகு மறுபடி தலைமேல் கவிழும். இரண்டு தடவை இப்படி ஆனால் கையில் பலமே இருக்காது. அதனால் கையை மறந்துவிட்டுக் காலைக் கவனியுங்கள். எதிர்ப்பக்க வாரைப் பிடித்தபடி, நீச்சலடிப்பதுபோல் உதைத்துக் கால்களைப் பின்னால் மேற்பரப்புக்குக் கொண்டு வாருங்கள். உடம்பு படுத்த நிலைக்கு வந்ததும் கடைசியாக ஒரு பலமான உதை, அதோடு வாரை உங்கள் பக்கம் இழுங்கள். தூக்க வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். தொப்புள் படகின் நடுவைத் தாண்டும்வரை குப்புறவே கிடங்கள். பிறகு மெதுவாகப் புரண்டு உட்காருங்கள், கால்களைக் கடைசியில் உள்ளே எடுங்கள். வயிறு, முதுகு, கால் என்ற வரிசை மாறக் கூடாது. உட்கார அவசரப்பட்டால் மறுபடி தண்ணீரில்தான்.

4. ஆற்றில்

எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலும் கரையிலும் சொல்லிவிடுங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டிக் கடல் பக்கம் போக வேண்டாம். முகத்துவாரத்தில் மணல்திட்டும் அலையும் இறக்கத்தின் இழுவையும் சேர்ந்துகொள்ளும். அலையாத்தி ஓடைகளுக்குள் நுழைந்தால் தண்ணீர் இறங்குவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். சேறு முழங்கால்வரை வாங்கும், அதில் கிடக்கும் சிப்பி காலைக் கிழிக்கும். செருப்பு வேண்டாம், கட்டும் ஷூ போடுங்கள். மணல் படகு, மீன் படகு எது வந்தாலும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி முழுக்கக் காய வையுங்கள். மடித்து வைத்தால் பூஞ்சைதான்.

பின்சேர்க்கை: எவ்வளவு உதைத்தும் ஏற வரவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு காரணம் பார்க்கிறேன். ஒன்று, ஜாக்கெட்டின் முன்பையில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் அடைத்து வைப்பது. அது விளிம்பில் மாட்டிக்கொள்ளும், காலி செய்யுங்கள். இன்னொன்று, நிஜமாகவே கால் பலம் போதாதது. இதற்கு மூன்று மீட்டர் நாடா வாங்கி வளையமாக முடிந்து, எதிர்ப்பக்க வாரில் மாட்டிப் படகுக்குக் குறுக்கே இந்தப் பக்கம் தொங்கவிடுங்கள். தண்ணீருக்குள் ஒரு படி கிடைக்கும். முட்டி மடங்கிய நிலையில் பாதம் நுழையும் உயரத்தில் முடிச்சு இருக்கட்டும். ஏறியதும் காலை உடனே வளையத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அடுத்த தடவை கவிழும்போது அதில் கால் மாட்டியிருக்கக் கூடாது.