வை க்ரூ பூத்தட்டு: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

தாய்லாந்தில் பள்ளிகள் மே நடுவில் திறக்கும். பெரும்பாலும் ஜூனில், ஒரு வியாழக்கிழமை பார்த்து வை க்ரூ, அதாவது குரு வணக்கம். வியாழன் குருவுக்கு உரிய நாள். அந்தக் கிழமைக்குத் தாய்லாந்து மொழியில் வழங்கும் பெயரே பிரகஸ்பதியிலிருந்து வந்ததுதான். வகுப்புக்கு இரண்டு பேர், இரண்டு ‘பான்’. பான் என்பது கால் வைத்த தட்டு. ஒன்றில் பூ, மற்றதில் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும். தட்டு செய்யும் பொறுப்பு முதல் முறையாகக் கைக்கு வரும் மாணவர்கள் ஆண்டு தவறாமல் அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். ரிப்பன் அவிழ்வது, பசை ஒட்டாதது எல்லாம் அவர்களுக்கே தெரிந்துவிடும். மற்றவற்றைப் பார்ப்போம்.

நான்கையும் கடைசியில் தேடுவது

பூத்தட்டுக்கு உயிர் நான்கு பொருள்: அருகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. மிதித்தாலும் தழைக்கிற அருகு விடாமுயற்சிக்கு. வெட்சிக்குத் தாய்லாந்து மொழியில் ‘கெம்’, ஊசி என்று பொருள். அது கூர்ந்த புத்திக்கு. தலை கவிழ்ந்து நிற்கும் கத்தரிப்பூ பணிவுக்கு. சட்டிக்குள் அடங்கி இருந்து பொரிகிற நெல் ஒழுக்கத்துக்கு.

ஆர்க்கிட், சாமந்தி எல்லாம் செவ்வாயன்றே வந்து இறங்கிவிடும். புதன் மாலை ஆறு மணிக்கு யாராவது “கத்தரிப்பூ எங்கே?” என்பார்கள். காம்போடு பூவை மட்டும் கிள்ளினால் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். இரண்டு இலையோடு சின்னக் கிளையாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். எந்த வீட்டில் கத்தரிச் செடி பூத்திருக்கிறது என்பதை முந்தின வாரமே விசாரித்து வையுங்கள்.

நுரைக்கட்டி முழுவதையும் நனைப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது. பூக்கடையில் ‘ஓயாசிஸ்’ என்று கேட்டு வாங்கும் பச்சை நுரைக்கட்டி கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். சுமார் 23 செ.மீ. நீளம், 11 அகலம், 8 உயரம். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ இரண்டு லிட்டர். நனைந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தண்ணீரையும் குடித்துவிடும். தட்டு பெரிதாகத் தெரியட்டும் என்று இரண்டு கட்டியை அடுக்கினால் நான்கு கிலோ. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு முழங்காலில் நடக்க வேண்டும். பானின் கால் வேறு ஒடுக்கம். மேலே கனம் ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் தட்டு ஆடும். கட்டியிலிருந்து கசிகிற நீர் தட்டின் விளிம்பு வழியாக விரலுக்கு வரும், பிடி வழுக்கும். பச்சை நிறத் தண்ணீர் வெள்ளைச் சட்டையில் சொட்டும்.

உண்மையில் நீர் தேவைப்படுவது கொஞ்சப் பூவுக்குத்தான். வாடாமல்லி உலர்ந்தாலும் நிறம் மாறாது. எருக்கம்பூவும் தாங்கும். இவற்றைக் குண்டூசியால் குத்தும் கோபுரத்துக்கு வெள்ளைத் தெர்மோகோல் கூம்பு போதும், அதற்கு ஈரமே வேண்டாம். வெட்சி, கத்தரி, அருகு மூன்றுக்கும் மட்டும் கட்டியில் கால் பங்கை வெட்டி, அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து வையுங்கள். அரை கிலோவில் வேலை முடிந்தது.

நனைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. கட்டியைக் கையால் நீரில் அமுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் ஈரமாகும், நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். அந்த உலர்ந்த இடத்தில் காம்பு போன பூ, விடிவதற்குள் தலை தொங்கிவிடும். வாளி நீரில் மிதக்க விடுங்கள், தானாக மூழ்கட்டும். செருகிய காம்பைப் பிடுங்கி அதே துளையில் மறுபடி வைக்காதீர்கள். துளை மூடாது, காம்பு நீரைத் தொடாது. கட்டியைத் தட்டோடு பிணைக்கும் டேப்பைத் தட்டு உலர்ந்திருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். ஈரத் தகரத்தில் எந்த டேப்பும் நிற்காது.

பொரியை முந்தின இரவே தூவுவது

நமுத்துப்போகும். காலையில், வாழையிலைத் தொன்னையில் போட்டு வையுங்கள்.

வெறுந்தட்டோடு ஒத்திகை

காலித் தட்டை ஏந்தி முழங்காலில் நடப்பது யாருக்கும் சுலபம். தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி நடக்கச் சொல்லுங்கள், இருவரில் யார் முந்துகிறார், யார் குனிகிறார் என்பது உடனே தெரியும். முதலில் வலது முழங்காலா இடதா என்பதை இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியரை மூன்று முறை விழுந்து வணங்குவது

உள்ளங்கையைத் தரையில் விரித்து மூன்று முறை வணங்குவது புத்தருக்கும் பிக்குகளுக்கும். ஐந்து அங்கமும் தரை தொடும் அந்த வணக்கத்தின் பெயரிலேயே ‘பஞ்சாங்க’ ஒளிந்திருக்கிறது. ஆசிரியருக்கு ஒரே முறை, கூப்பிய கை விரியாமல். நின்று கும்பிடும்போது கட்டைவிரல் மூக்கு நுனியில், ஆள்காட்டி விரல் புருவ நடுவில். பதற்றத்தில் பழக்கப்பட்ட மூன்றையும் போட்டுவிடுவார்கள், பின்னால் வரும் ஜோடிகளும் அதையே பார்த்துச் செய்யும். முதல் ஜோடியை மட்டுமாவது நன்றாகப் பழக்கிவிடுங்கள்.

ஜனவரி 16-ஐக் குழப்புவது

அது தாய்லாந்தின் ஆசிரியர் தினம், 1957 முதல். வை க்ரூ வேறு.

பாட்டை உச்சத்தில் எடுப்பது

“பாசேராசரியா ஹோந்தி” என்ற பாலி மொழி முதலடியை மாணவத் தலைவர் தனியாக இழுத்துப் பாடுவார், அடுத்த அடியில் பள்ளியே சேர்ந்துகொள்ளும். மைக் கையில் வந்த உற்சாகத்தில் அவர் உச்ச சுருதியில் தொடங்கினால், குரல் உடையும் வயதுப் பையன்கள் இரண்டாம் அடியிலேயே வாயசைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒத்திகையில் தொடங்கிய சுருதியைப் போனில் பதிந்து வைத்து, மேடையேறும் முன் ஒருமுறை காதில் கேட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள்.