நாலு பழைய சர்வரை ஒன்றாக்கும் முன் செய்ய வேண்டியவை

அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் நிறைய கம்பெனிகளில் டேலிக்கு ஒரு சர்வர், ஃபைல்களுக்கு ஒன்று, பயோமெட்ரிக் வருகைப்பதிவுக்கு ஒன்று, பழைய இஆர்பிக்கு (கம்பெனியின் பல வேலைகளை ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) ஒன்று என்று தனித்தனியாகத்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் வர்ச்சுவல் மெஷினாக (விஎம், அதாவது ஒரே பெட்டிக்குள் சாஃப்ட்வேராக ஓடும் தனித்தனி கம்ப்யூட்டர்) மாற்றலாம், நல்ல முடிவுதான். ஆனால் கொட்டேஷன் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இருக்கிற சர்வர்களை ஒரு மாதம் அளந்து பாருங்கள்.

ஏன் முழு மாதம் என்றால், சாதாரண நாளில் தூங்கி வழிகிற சர்வர் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்போதும் சம்பளம் போடும்போதும்தான் திணறும். விண்டோஸோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரே போதும். பெரும்பாலும் சிபியு சும்மாதான் இருக்கும், அதை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ரேமை அப்படி நம்பக் கூடாது, கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். டிஸ்க் அதைவிட முக்கியம், நாலு சர்வரின் எழுத்து வேலையும் ஒரே இடத்தில் விழும் என்பதால் எஸ்எஸ்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில். இதுவரை ஒரு பெட்டி படுத்தால் ஒரு வேலைதான் நின்றது, இனிமேல் மொத்த ஆபீஸும் நிற்கும். அதனால் விஎம்களை ஓட்டும் பெட்டி, அதாவது ஹோஸ்ட், இரண்டு வேண்டும், ஒவ்வொன்றும் தனியாளாக எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும். மொத்தத் தேவை 100 ஜிபி ரேம் என்றால் ஆளுக்கு 64 ஜிபி போட்டு, 128 ஆயிற்றே என்று திருப்திப்படுவது தப்பு, ஒன்று விழுந்த அன்றைக்கு மிச்சம் 64தான்.

லைசென்ஸையும் இப்போதே பேசிவிடுங்கள். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டில் பெட்டியின் எல்லா கோருக்கும் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), குறைந்தது 16 கோருக்கு, வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம், நாலு வேண்டுமென்றால் இன்னொரு தடவை வாங்க வேண்டும். அந்த விஎம்கள் இரண்டாவது பெட்டிக்குத் தாவும் என்றால் அதற்கும் அதே கணக்கு. விஎம் ஓட்டும் சாஃப்ட்வேர் தரும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வாங்கிய பிறகு நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தாதான். சின்ன கம்பெனிக்கு அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அல்லது ப்ராக்ஸ்மாக்ஸ் போதும் என்பது என் கருத்து, ஆனால் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு லினக்ஸ் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும். அப்புறம், யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சின்னக் கருவி) கேட்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த விஎம் டாங்கிள் செருகிய பெட்டியை விட்டு நகராது.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், பேக்கப்பில் ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) பேக்கப் ஆகாது. எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது முழுசாகத் திரும்ப ஏற்றிப் பாருங்கள்.

மாற்றும்போது பயோமெட்ரிக்கில் ஆரம்பித்து டேலியைக் கடைசியாக வையுங்கள், பழைய மெஷினில் லைசென்ஸை சரண்டர் செய்த பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். டொமைன் கன்ட்ரோலர் (ஆபீஸின் லாகின்களைக் கவனிக்கும் சர்வர்) இருந்தால் அதை மட்டும் அப்படியே நகலெடுக்காமல் புதிதாக ஒன்று அமைத்துப் பொறுப்பை மாற்றுவதுதான் சரி. பழைய பெட்டிகளை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு மாதக் கணக்கு முடியும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.